கிண்டல் செய்தவர்கள் கோட்டைக்குப் போன பிறகு

எம்.ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தை இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். திருவாரூர் கே. தங்கராசு எழுதி 1949-ல் மேடையேறிய அந்த நாடகத்தின் கதை எல்லோருக்கும் மனப்பாடம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பணக்காரன் மோகனசுந்தரம் பெற்ற தாயை மதிப்பதில்லை, கட்டிய மனைவியை மதிப்பதில்லை. தாசி வீட்டில் சொத்தைத் தொலைக்கிறான். கடைசியில் தொழுநோய் பிடித்துத் தெருவுக்கு வருகிறான். இதை எத்தனை முறைதான் பார்ப்பது?

பார்க்க வந்தவர்கள் கதைக்காக வரவில்லை, ராதாவின் வாய்க்காக வந்தார்கள். காலையில் பேப்பரில் படித்த சேதி ராத்திரி மேடையில் வசனமாகிவிடும். மந்திரி பேசியது, கோயிலில் நடந்த சண்டை, அரிசி விலை, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்ப் பெரிய மனிதர் என்று எதுவும் தப்பாது. எல்லாம் இழந்து அழுகிக் கிடக்கிற ஒரு பாத்திரத்துக்கு ஊரில் யாரைப் பற்றியும் எதையும் சொல்லும் உரிமை வந்துவிடுகிறது. அந்தக் கரகரத்த குரலை ராதா தேர்ந்தெடுத்ததில் நடிப்புத் திறமை எவ்வளவு உண்டோ அவ்வளவு அரசியல் சாமர்த்தியமும் உண்டு. மனம் புண்படுகிறவர்கள் என் நாடகத்துக்கு வர வேண்டாம் என்று அவர் விளம்பரம் செய்ததையும், ஒரு பெயருக்குத் தடை வந்தால் வேறு பெயரில் அதே நாடகத்தைப் போட்டதையும் பழைய ஆட்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அரசாங்கம் சிரிக்கவில்லை. ராமாயணத்தைத் தலைகீழாக்கி அவர் நடத்திய நாடகம் பெரிய சர்ச்சையான 1954-ல், சென்னை மாநிலச் சட்டமன்றம் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆட்சேபகரமானது என்று அரசு கருதும் நாடகத்தைத் தடை செய்யலாம், பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஒரு நடிகனின் வாயை அடைக்க வந்தது என்றே நாடக உலகில் அந்தச் சட்டத்துக்குப் பெயர். அதன் பிறகு சுமார் அறுபது ஆண்டுகள், தமிழ்நாட்டில் எந்தக் கட்சி ஆண்டாலும், நாடகக்காரர்கள் பிரதியைத் தூக்கிக்கொண்டு போலீஸ் அனுமதிக்கு அலைந்தார்கள்.

இதற்கு ஒரு தாத்தா சட்டமும் உண்டு. 1875-76 குளிர்காலத்தில் இங்கிலாந்து இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தபோது, ஒரு வங்காள வக்கீல் அவரைத் தன் வீட்டு அந்தப்புரம்வரை அழைத்துப்போய் உபசரித்தார். ஊரே கைகொட்டிச் சிரித்தது. ‘கஜதானந்தனும் யுவராஜாவும்’ என்று அதையே ஒரு கேலி நாடகமாகப் போட்டார்கள். உடனே வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். அதுவே 1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டமாயிற்று. இந்தியாவில் நாடகத்துக்குக் கடிவாளம் போட்ட முதல் சட்டம் ஒரு கேலிக்கூத்துக்குப் பயந்து பிறந்தது என்பதை நம் பள்ளிப் பாடத்தில் யாராவது சொல்லித் தரலாம்.

ஆளுகிறவனை மேடையில் நின்று கிண்டல் செய்வது ஒன்றும் புதிதல்ல. ஆனால் ஆட்சி மாறும்போது, அதிலும் கிண்டல் செய்தவர்களே ஆட்சிக்கு வரும்போது, அந்தக் கிண்டலுக்கு என்ன ஆகிறது? தமிழ் மேடையின் கடந்த நூறு ஆண்டுகளைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்கிறது. கடல் கடந்து தென்னாப்பிரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதை நடந்திருக்கிறது.

முதலில் நம் ஊர். சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்தைத் தாண்டி, மதுரவாயல் புறவழிச்சாலை பிரிகிற இடம் இரும்புலியூர். அங்கிருந்து பல்லாவரம் பக்கம் சில கிலோமீட்டர் போனால் பம்மல். தமிழ் நாடகத்தின் தந்தை என்று பாடப்புத்தகம் சொல்லும் சம்பந்த முதலியார் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட ஊர். 1891-ல் அவர் நண்பர்களுடன் தொடங்கிய சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். கூத்தாடி என்று இழிவாகப் பேசப்பட்ட தொழிலைக் கௌரவமான மனிதர்களின் மாலைப் பொழுதுபோக்காக மாற்றியது அந்தச் சபை. அவருடைய ‘சபாபதி’ நாடகத்தில் சோம்பேறிப் பணக்காரனும், சொன்னதைச் சொன்னபடி செய்து காரியத்தைக் கெடுக்கும் வேலைக்காரனும் அடிக்கிற கூத்து 1941-ல் சினிமாவாகி, இன்றும் டி.வி.யில் வந்தால் ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு பணக்காரன் வீட்டுத் திண்ணையைத் தாண்டிப் போனதில்லை. போகவும் முடியாது. எழுதியவர் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். வெள்ளைக்காரத் துரையைக் கேலி செய்ய அவரிடம் காரணமும் இல்லை, வசதியும் இல்லை.

அந்த வேலையைச் செய்தவர்கள் ஸ்பெஷல் நாடகக்காரர்கள். திருவிழாவுக்குத் திருவிழா மைதானத்தில் விடிய விடிய ஆடுகிறவர்கள். அவர்களில் தலையானவர் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ். சிவகாசியில் 1886-ல் பிறந்தவர், மருத்துவர் என்று அழைக்கப்பட்ட நாவிதர் சமூகத்தைச் சேர்ந்தவர். சாதியைச் சொல்லி அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தினைப்புனக் காட்சி ஒன்று கட்டாயம் வரும். பயிரைத் தின்ன வரும் பறவைகளை விரட்ட வேண்டும். அந்த இடத்தில் விஸ்வநாததாஸ் மதுரகவி பாஸ்கரதாஸின் கொக்குப் பாட்டை எடுப்பார். வெள்ளைக் கொக்கு எங்கிருந்தோ பறந்து வந்து நம் வயலில் மேய்கிறது என்றால் யாரைச் சொல்கிறார் என்று மண்தரையில் உட்கார்ந்திருக்கும் கடைசி ஆளுக்கும் தெரியும். ஓரத்தில் நிற்கும் போலீஸ்காரருக்கும் தெரியும். ஆனால் புராண நாடகத்தில் கொக்கை விரட்டினார் என்று வழக்கு எழுதுவது எப்படி? எழுதினார்கள், அது வேறு விஷயம். பல தடவை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று தெரிந்ததும் அம்பின் குறி மாறியது. அடுத்துக் கோட்டையில் உட்காரப்போவது யார், அவர்கள் எந்தச் சாதி, எந்த மொழியைத் திணிப்பார்கள் என்ற கேள்வியைத் திராவிட இயக்க மேடை எடுத்துக்கொண்டது. அண்ணாதுரையின் ‘சந்திரோதயம்’, ‘வேலைக்காரி’, ‘ஓர் இரவு’, ராவணனைக் கொண்டுவந்து விசாரணை மண்டபத்தில் நிறுத்தும் ‘நீதிதேவன் மயக்கம்’ எல்லாம் அடுத்தடுத்து வந்தன. ‘சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்’ நாடகத்தில் அண்ணாவே காகபட்டராக நடித்தார். சிவாஜியாக நடித்த கணேசனுக்குப் பெரியார் கொடுத்த பெயர் கடைசிவரை நிலைத்தது.

அண்ணாவின் வசனத்தைவிடக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் ஒரு கதாகாலட்சேபம் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். வில்லுப்பாட்டில் தொடங்கியவர் அவர். பாட்டு, பேச்சு, நையாண்டி மூன்றையும் ஒரே ஆள் ஒரே மேடையில் கலந்து தரும் வித்தை நாஞ்சில் நாட்டிலிருந்தே அவர் கையோடு வந்தது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில், புலையன் நந்தன் சிதம்பரம் போய்த் தீயில் இறங்கிச் சோதியில் கலக்கிறான். கலைவாணர் அதே காலட்சேப பாணியில், அதே ஜதி, அதே பின்பாட்டோடு ‘கிந்தனார்’ என்று ஒன்று செய்தார். பாட்டு உடுமலை நாராயண கவி. கிந்தன் சிதம்பரத்துக்குப் போவதில்லை, பட்டணத்துக்குப் போய்ப் படிக்கிறான். தன்னை விரட்டிய ஊருக்குக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். 1949-ல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் இதை இன்றும் பார்க்கலாம். பக்திக்காரர்களின் வடிவத்தை இரவல் வாங்கி, அதன் முடிவை மட்டும் மாற்றிவைத்தார். கோபப்படவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் சபைக்காரர்கள் தவித்திருப்பார்கள்.

1967 தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. நாடகம் எழுதியவர் முதலமைச்சரானார். அவருக்குப் பின் வந்தவர் தேர்தலுக்காகவே நாடகம் எழுதி நடித்தவர். அதற்குப் பின் வந்தவர் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். மேடையும் கோட்டையும் ஒன்றாகிவிட்ட மாநிலம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை. இனி யார் யாரைக் கிண்டல் செய்வது?

இங்கே கொஞ்சம் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் வரலாம். நம் ஊரில் கேபரே என்றால் பழைய படங்களில் வில்லனின் ஓட்டலில் நடக்கும் நடனம்தான் ஞாபகம் வரும். ஐரோப்பாவில் அது வேறு. சின்ன அறை, ஒரு பியானோ, ஒரு பாடகர், நடுநடுவே பேச்சு, அரசாங்கத்தையும் பாதிரியையும் பணக்காரனையும் கடிக்கும் பாட்டு. பாரிஸில் 1880-களில் தொடங்கி, பெர்லினில் ஹிட்லருக்கு முன்பு கொடிகட்டிப் பறந்த கலை அது. தென்னாப்பிரிக்காவில் இது ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் வேர்விட்டதுதான் வேடிக்கை. ஏனென்றால் ஆப்பிரிக்கான்ஸ் அங்கே ஆண்டவர்களின் மொழி. 1948 முதல் நிறவெறி ஆட்சி நடத்திய தேசியக் கட்சியின் மொழி. கறுப்பினப் பிள்ளைகள் அந்த மொழியிலும் பாடம் படித்தே ஆக வேண்டும் என்று திணித்ததால் 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை நினைவு வைத்திருக்கும் தமிழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த மொழிக்குள்ளிருந்தே, அந்த வெள்ளைக்கார வீடுகளுக்குள்ளிருந்தே கேலி கிளம்பியது. எழுத்தாளர் ஹென்னி ஔகாம்ப் 1980-களில் இலக்கியத் தரமான கேபரேக்களை எழுதினார். ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று பூங்கா பெஞ்சிலும் கடற்கரையிலும் பலகை மாட்டியிருந்த நாட்டில், ‘எல்லோருக்கும் மட்டும்’ என்று தன் நிகழ்ச்சிக்குத் தலைப்பு வைத்தார். பீட்டர்-டிர்க் ஆய்ஸ் என்ற நடிகர் பெண் வேடம் போட்டு எவிட்டா பெசூடன்ஹூட் என்ற சீமாட்டியாக மேடையேறினார். இல்லாத ஒரு கறுப்பினத் தாயகத்துக்கு வெள்ளை அரசின் தூதராகப் போயிருக்கும் அம்மணி அவள். தன் அரசாங்கத்தைப் புகழ்ந்து பேசுவாள். புகழப் புகழ அரசாங்கத்தின் மானம் போகும். மந்திரிகளே முன்வரிசையில் வந்து சிரித்தார்கள் என்பது ஒரு விசித்திரம். 1989-ல் யோஹானஸ் கெர்கோரல் முதலிய இளைஞர்கள் ராக் இசையோடு ‘ஃபோயல்ஃப்ரை’ என்ற பெயரில் ஊர் ஊராகப் போனார்கள். டி.வி.யைத் திறந்தால் ஜனாதிபதி போத்தாவின் முகம்தான், முதலில் அதை அணை என்று ஒரு பாட்டு. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் வளாகத்துக்குள் நுழையக் கூடாது என்றது. அரசு வானொலி பாட்டுகளைத் தடுத்தது. அதனாலேயே கூட்டம் இன்னும் கூடியது.

1994-ல் மண்டேலா வந்தார். கேபரேகாரர்களுக்குத் திடீரென்று எதிரி இல்லை. இரண்டு ஆட்சி மொழிகளில் ஒன்றாக இருந்த ஆப்பிரிக்கான்ஸ் பதினொன்றில் ஒன்றாகியது. அடுத்த ஆண்டே ஔட்ஸ்ஹோர்ன் என்ற ஊரில் பெரிய ஆப்பிரிக்கான்ஸ் கலைவிழா ஒன்று தொடங்கியது. கேபரேக்கு மேடை பெருகியது, கூட்டமும் பெருகியது. ஆனால் பழைய சூடு பலரிடம் இல்லை. எங்கள் மொழிக்கு என்ன ஆகும், எங்கள் பாட்டி சமையல் எங்கே போயிற்று என்ற ஏக்கம் பல நிகழ்ச்சிகளில் வந்து உட்கார்ந்தது. 2006-ல் போயர் போர்த் தளபதி தெ லா ரெய்யை அழைக்கும் ஒரு பாட்டு அந்தச் சமூகத்தில் சக்கைப்போடு போட்டபோது, நாட்டில் பாதிப் பேர் கவலைப்பட்டார்கள். ஆய்ஸ் மட்டும் வேறு வழி பார்த்தார். டார்லிங் என்ற சின்ன ஊரில் பழைய ரயில் நிலையத்தைத் தியேட்டராக மாற்றினார். எவிட்டாவை அழைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய் எய்ட்ஸ் பற்றிப் பேசினார். எய்ட்ஸுக்குக் காரணம் வைரஸ்தானா என்று சந்தேகம் கிளப்பிய புதிய ஜனாதிபதி எம்பெக்கியையும் விட்டுவைக்கவில்லை. ஆட்சி மாறியும் கூர் மழுங்காத சிலரில் அவர் ஒருவர்.

திரும்பி நம் ஊருக்கு வந்தால், 1967-க்குப் பிறகு இங்கே அந்த இடத்தில் நின்றவர் சோ. விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவில் நடித்து வந்த வக்கீல். காங்கிரஸ் ஆண்டபோதே ‘சம்பவாமி யுகே யுகே’ நாடகத்தால் அதிகாரிகளோடு மல்லுக்கட்டியவர். 1968-ல் ‘முகமது பின் துக்ளக்’ வந்தது. அறுநூறு வருடத்துக்கு முந்தைய சுல்தானும் யாத்திரிகர் இபின் பதூதாவும் உயிரோடு எழுந்து வந்துவிட்டதாக இரண்டு பேர் ஊரை ஏமாற்றுகிறார்கள். துக்ளக் தேர்தலில் நின்று ஜெயித்துப் பிரதமராகிறார். கட்சி தாவி வருகிற எம்.பி.க்கள் அத்தனை பேரையும் துணைப் பிரதமர் ஆக்குகிறார். தமிழா ஹிந்தியா என்று மொழிச் சண்டை வந்ததும், பாரசீகம்தான் இனி ஆட்சி மொழி என்று முடிக்கிறார். சிரிப்பில் அரங்கம் அதிரும். தமிழ்நாட்டில் முந்தைய மூன்று ஆண்டுகளில் நடந்தது என்ன என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு யார் மேல் என்று தெரியும். (அதே சுல்தானை வைத்து, அப்போது சென்னையில் புத்தக நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிரீஷ் கர்னாட் 1964-லேயே கன்னடத்தில் ஒரு துன்பியல் நாடகம் எழுதியிருந்தார். ஒரே நகரம், ஒரே ராஜா. ஒருவர் அழவைத்தார், ஒருவர் சிரிக்கவைத்தார்.) நாடகம் 1971-ல் படமானது. அதற்குள் 1970 பொங்கலில் அதே பெயரில் சோ பத்திரிகையும் தொடங்கியிருந்தார்.

சோவின் கிண்டல் யார் பக்கம் நின்றது என்பதில் விவாதம் உண்டு. திராவிட மேடை எந்தச் சபைக்காரர்களை நோக்கி அம்பு விட்டதோ, அந்தச் சபைக்காரர்களின் மாலை நேரத்திலிருந்து திரும்பி வந்த அம்பு அது என்று சொன்னால் தப்பில்லை. அதிகாரத்தைப் பார்த்து எய்தது என்பதும் அதே அளவு உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

சோவுக்குப் பின் சபா மேடை வீட்டுக்குள் போயிற்று. மயிலாப்பூரிலும் தி.நகரிலும், பின்னர் நங்கநல்லூர், குரோம்பேட்டை என்று ரயில் பாதையோடு தெற்கே பரவிய நடுத்தர வர்க்கத்துக்கு, ஆபீஸ் முடிந்து வந்து சிரிக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. மாமியார், மேனேஜர், ஜோசியர், பெண் பார்க்கும் படலம். 1976-ல் எஸ்.வி. சேகர் குழு போட்ட ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதியவருக்குப் பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டத்தைக் கொடுத்தது. கிண்டியில் பொறியியல் படித்த மோகன் அன்றிலிருந்து கிரேசி மோகன். ஒரு வசனம் முடியுமுன் அடுத்த சிலேடை வந்து விழும் வேகத்தில் அவருக்கு இணையில்லை. காத்தாடி ராமமூர்த்தியின் முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வரும். இவர்களைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் கோட்டையைப் பற்றிய பேச்சு, சேகர் நடுவில் தூவும் அரசியல் துணுக்கோடு நின்றது. அந்தத் துணுக்குக்குப் பெரிய கைத்தட்டல் விழும். 2006-ல் அவரே மயிலாப்பூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். சோ அதற்கு முன்பே மாநிலங்களவைக்குப் போயிருந்தார். நம் ஊர் நாடகக்காரர்களுக்குக் கோட்டைக்குப் போகும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

அப்படியானால் காரம் எங்கே போயிற்று? மேடையை விட்டு இறங்கித் தெருவுக்குப் போயிற்று. ஞாநி 1978-ல் ‘பரீக்‌ஷா’ குழுவைத் தொடங்கினார். பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984-லிருந்து முச்சந்திகளில் வட்டம் போட்டது. திரை கிடையாது, விளக்கு கிடையாது, டிக்கெட் கிடையாது, ஒரு பறையும் நாலைந்து பேரும் போதும். 1954 சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தவரும் ஞாநிதான். 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. 1876-ன் தாத்தா சட்டம் 2018-ல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது.

சட்டம் போனது, பயம் போகவில்லை. 2015 அக்டோபர் 30 அன்று மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவனைத் திருச்சியில் வீட்டிலிருந்து நள்ளிரவில் பிடித்துக்கொண்டு போனார்கள். டாஸ்மாக் கடையை மூடச் சொல்லியும், முதல்வரைச் சாடியும் பாடியதற்குத் தேசத்துரோக வழக்கு. கைக்குக் கை மாறிக்கொண்டிருந்த பாட்டு, கைது செய்த மறுநாளே எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. விளம்பரச் செலவை அரசே ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். 2018 ஏப்ரலில், பிரதமரையும் அன்றைய முதல்வரையும் பாடியதற்காக மறுபடி கைது. கொக்குப் பாட்டுக்கும் இதற்கும் நடுவில் முக்கால் நூற்றாண்டு. கோட்டையில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர். பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் அயோத்திதாசர் வழியாக வந்தது. கோட்டும் சூட்டும் போட்டு நின்றார்கள், அம்பேத்கர் படங்களில் நிற்கிற மாதிரி. வடசென்னைச் சாவு வீடுகளில் பாடப்பட்ட கானா, அதோடு ராப், கிடார், பறை, சட்டி. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை எல்லாம் பாட்டாயின. கேலியும் இருந்தது, கோபமும் இருந்தது. குறி இந்த முறை கோட்டையோடு நிற்கவில்லை. பாட்டைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்த கூட்டத்தின் சாதியையே அது தொட்டது. குழுவிலிருந்து வந்த அறிவு பின்னர் ‘எஞ்சாயி எஞ்சாமி’ மூலம் உலகம் முழுக்கத் தெரிந்தார். ஆண்களே ஆண்ட கானாவில் பெண் குரலாக வந்த இசைவாணியை 2020-ல் பி.பி.சி. நூறு பெண்களில் ஒருவராகச் சொன்னது. அவர் முன்பு பாடிய ஐயப்பன் பாட்டு ஒன்று 2024 நவம்பரில் திடீரென்று புகாராகி, மிரட்டல்வரை போனது.

தென்னாப்பிரிக்கக் கதையில் இதற்கு நேரான ஓர் ஏடு உண்டு. ஆப்பிரிக்கான்ஸைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் பெரும்பான்மையினர் வெள்ளையர் அல்லர். கேப்டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதி அவர்களின் கலகலப்பான பேட்டை. 1966-ல் அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊருக்கு வெளியே மணல்வெளிக்குத் தூக்கிப்போட்டார்கள். அந்த இழப்பை டேவிட் கிராமரும் தாலிப் பீட்டர்சனும் 1987-ல் இசை நாடகமாக்கினார்கள். மொழிக்குச் சொந்தக்காரன் நீ மட்டும் இல்லை என்று ஆள்கிறவனின் மொழியிலேயே சொன்ன நாடகம் அது.

நம் சென்னையிலும் இப்படி ஒரு பெயர்ப்பு உண்டு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து 2000 முதல் பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் வந்து இறங்கிய இடங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இரும்புலியூரிலிருந்து வேளச்சேரி சாலையில் சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் தாண்டினால் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகள் தெரியும். நிறவெறிச் சட்டமும் மறுகுடியேற்றத் திட்டமும் ஒன்றல்ல. ஆனாலும் ஊர் போனவர்கள் பாட்டைக் கையோடு கொண்டுவந்தார்கள் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றே. சாவு வீட்டுப் பந்தலிலும் பிறந்தநாள் விளக்கின் கீழும் இங்கே கானா கேட்கிறது. வேலை, பஸ், தண்ணி, போலீஸ், லிஃப்ட் நின்றுபோன பத்தாவது மாடி என்று அதில் வராத விஷயம் இல்லை. இதைச் சபாவுக்குக் கொண்டுபோகும் கால்வாய் இன்னும் வெட்டப்படவில்லை.

சபா இருந்த இடத்தில் இப்போது ஸ்டாண்ட்-அப் காமெடி இருக்கிறது. ஒரு மைக், ஒரு ஆள், கையில் ஆர்மோனியம் அல்லது கிடார். 2019-ல் ஓ.டி.டி.யில் வந்த அலெக்சாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ வடிவத்தில் கேபரேக்கு மிக அருகில் வந்த தமிழ் நிகழ்ச்சி. இளையராஜாவையும் எஸ்.பி.பி.யையும் யேசுதாசையும் பாடிக்காட்டி, நாற்பது வயதுக்காரர்களின் கல்லூரி நாட்களைத் தட்டி எழுப்பி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கவைப்பார். அரசியல் அதில் கிடையாது, அவர் அதற்கு வரவும் இல்லை. ஔட்ஸ்ஹோர்ன் விழாவுக்குப் போகிற ஆப்பிரிக்கானரும் கிட்டத்தட்ட இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அரசியலைத் தொடுகிற இளம் நகைச்சுவைக்காரர்கள் ஓட்டல் மாடிகளில் ஐம்பது பேருக்கு நடுவில் பேசுகிறார்கள், போனை உள்ளே வையுங்கள் என்று கேட்டுக்கொண்டபிறகு. முன்பு பிரதியைப் பார்த்தவர் கமிஷனர். இப்போது ஆறாவது வரிசையில் உட்கார்ந்து பதினைந்து நொடி வீடியோ எடுக்கும் யாரோ ஒருவர்.

அந்தக் கால்வாயை வெட்டும் வேலையை நம் பக்கத்திலேயே தொடங்கலாம். தாம்பரம், பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சுற்றியுள்ள பேரூராட்சிகளும் சேர்ந்து, 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. லட்சக்கணக்கான ஜனங்கள், வரியும் கட்டுகிறார்கள். சமுதாயக் கூடங்களைக் காதுகுத்துக்கும் வரவேற்புக்கும் வாடகைக்கு விடலாம், தப்பில்லை. மாநகராட்சிக்காரர்களே, முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அந்த மேடைகளை உள்ளூர் நாடகக்காரர்களுக்கும் கானாக்காரர்களுக்கும் தெருநாடகக் குழுக்களுக்கும் மின்கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு கொடுங்கள். பிரதியைக் கேட்காதீர்கள். முன்வரிசையில் கவுன்சிலர்களும் வந்து உட்காரட்டும். குப்பை வண்டி வராதது பற்றியும் சாலைப் பள்ளம் பற்றியும் முதல் பாட்டு வரும், அதற்கும் தயாராக வரட்டும்.